குதிரைக்குப் புல், புல்லுக்கு ஓய்வு: குதிரை வளர்ப்போருக்கான வழிகாட்டி

குதிரைக்கு உடம்பு சரியில்லை என்றால் வாயைப் பார்ப்போம், காலைத் தூக்கிப் பார்ப்போம், தீவனத் தொட்டியைப் பார்ப்போம். அது மேய்கிற தரையைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. வயிற்றுவலி, குடற்புழு, குளம்பு நோவு, எலும்புத் தேய்வு என வருகிற தொல்லைகளில் பல அந்தத் தரையிலிருந்தே கிளம்புகின்றன. புல் நன்றாக இருந்தால் தீவனச் செலவும் மருந்துச் செலவும் தானாகக் குறையும். அதனால் இங்கே குதிரையையும் நிலத்தையும் பிரிக்காமல் சேர்த்தே பார்ப்போம்.

வயிற்றின் கணக்கு

குதிரை மாட்டைப் போல அசைபோடுவதில்லை. அதன் இரைப்பை உடம்பைப் பார்க்க மிகச் சிறியது. 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அதில் அமிலம் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தை ஆற்றுகிற உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறும். ஒரு நாளில் 16 மணி நேரம் வரை தலையைக் குனிந்து கொறித்துக்கொண்டே இருக்கும்படி அமைந்த உடம்பு அது. காலையில் ஒரு கட்டு, மாலையில் ஒரு கட்டு என்று புல் போட்டுவிட்டு, நடுவில் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு கட்டிவைத்தால் இரைப்பையில் புண் விழும். இரண்டு தீனிக்கு நடுவே நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள்.

நாரைச் செரிப்பது பெருங்குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். ஒரு தீவனத்துக்குப் பழகிய நுண்ணுயிர்கள் இன்னொன்றுக்கு மாற 10 முதல் 14 நாள் எடுத்துக்கொள்ளும். புதுப்புல், புதுத் தானியம், புது மேய்ச்சல் எதுவானாலும் முதல் நாள் கால் பங்கு, மூன்று நாள் கழித்து அரைப் பங்கு என்று மெல்ல ஏற்றுங்கள். அவசரப்பட்டால் நுண்ணுயிர்கள் கூட்டமாகச் சாகும், வாயு சேரும், வயிறு உப்பும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். உள்ளே போன தப்பான தீனி வந்த வழியே திரும்பாது.

எவ்வளவு புல்? ஈரம் நீக்கிய கணக்கில் உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம். 400 கிலோ குதிரைக்கு 2 சதவீதம் என்றால் 8 கிலோ உலர் பொருள். நன்றாகக் காய்ந்த புல்லில் கொஞ்சம் ஈரம் இருக்கும். அதனால் தராசில் சுமார் 9 கிலோ வைக்க வேண்டும். பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அறுத்துப் போடுவதானால் 40 கிலோ வரை போகும். பச்சைப்புல் கொடுப்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான். கட்டு பெரிதாகத் தெரியும், குதிரை இளைத்துக்கொண்டே போகும்.

எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், பெரும்பாலும் தப்பும். தையல் டேப் ஒன்று போதும். முன்காலுக்குச் சற்றுப் பின்னால், பிடரி முடிகிற மேட்டின் மேல் சுற்றி மார்புச் சுற்றளவை எடுங்கள். பிறகு தோள்பட்டையின் முன்முனையிலிருந்து பிட்டத்தின் பின்முனை வரை நீளம். இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,877-ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். சுற்றளவு 170, நீளம் 155 என்றால் 377 கிலோ. வளர்ந்த குதிரைக்கு மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும், குட்டிக்கு அல்ல. மாதம் ஒரு முறை, ஒரே நேரத்தில், ஒரே ஆள் அளந்து குறித்துவையுங்கள்.

அளவோடு கையும் பேச வேண்டும். விலாவின் மேல் உள்ளங்கையை வைத்து லேசாகத் தடவுங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல் கைக்குத் தட்டுப்பட்டால் சரியான உடம்பு. அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு கூடிவிட்டது. கழுத்தின் மேல்விளிம்பு தடித்து இறுகியிருந்தால் இன்னும் மோசம். அப்படிப்பட்ட குதிரைக்குத்தான் பின்னால் சொல்லப்போகும் குளம்பு அழற்சி எளிதில் வருகிறது.

தானியமும் தவிடும்

லேசான வேலை செய்யும் குதிரைக்கு நல்ல புல்லும் உப்பும் தாதுக் கலவையும் இருந்தால் தானியமே தேவைப்படாமல் போகலாம். தேவைப்பட்டால், ஒரு வேளைக்கு உடல் எடையில் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 400 கிலோ குதிரைக்கு 2 கிலோ என்பது உச்சவரம்பு. அதற்கு மேல் கொட்டினால் சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்கு வழிந்து அங்கே புளித்துப்போகும். வயிற்றுவலிக்கும் குளம்பு அழற்சிக்கும் இது நேர்வழி. கூடுதலாகக் கொடுக்க வேண்டுமென்றால் வேளையைக் கூட்டுங்கள், ஒரு வேளையின் அளவைக் கூட்டாதீர்கள். கொள்ளு கொடுப்பவர்கள் வேகவைத்தே கொடுக்க வேண்டும். பச்சைக் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது.

மாட்டுத் தீவனத்தையும் கோழித் தீவனத்தையும் குதிரைத் தொட்டியின் பக்கமே கொண்டுவராதீர்கள். அவற்றில் சில வகைகளில் மொனென்சின் என்ற மருந்து சேர்க்கப்படுகிறது. மாட்டுக்கு அது நல்லது. குதிரைக்கு மிகச் சிறிய அளவே இதயத் தசையைச் சிதைத்துக் கொன்றுவிடும். மாற்று மருந்து கிடையாது. மாடும் குதிரையும் வைத்திருப்பவர்கள் தீவனம் அள்ளும் வாளியைக்கூடத் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும்.

கோதுமைத் தவிடு இன்னொரு பொறி. அதில் பாஸ்பரஸ் சுண்ணாம்புச் சத்தைவிடச் சுமார் பத்து மடங்கு. குதிரையின் மொத்தத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைவிடக் கூடுதலாக, ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்காக இருக்க வேண்டும். தலைகீழானால், ரத்தத்தில் அளவைச் சமன்செய்ய உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவி எடுக்கும். எலும்பு நாராகிவிடும், தாடையும் முகவெலும்பும் வீங்கும், பல் ஆடும், இன்று ஒரு கால் நாளை வேறொரு கால் என்று நொண்டும். தினமும் தவிட்டையே முக்கியத் தீவனமாகக் கொடுத்த லாயங்களில் பழைய காலம் முதல் கண்டுவரும் நோய் இது.

இதே நோய் புல்லிலிருந்தும் வரும். இதுதான் பலருக்கும் தெரியாத சங்கதி. வெப்பமான பகுதிகளில் மாட்டுக்காக வளர்க்கப்படும் நேப்பியர், செட்டேரியா, கொழுக்கட்டைப் புல், கினியா புல் ஆகியவற்றில் ஆக்சலேட் கூடுதலாக இருக்கும். அது சுண்ணாம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால் குடல் அதை உறிஞ்ச முடியாது. மாட்டின் வயிற்றில் ஆக்சலேட்டை உடைக்கும் நுண்ணுயிர்கள் முன்பகுதியிலேயே இருப்பதால் மாடு தப்பிக்கிறது, குதிரை மாட்டிக்கொள்கிறது. புல் பச்சைப்பசேலென்று தளதளப்பாக இருக்கும். குதிரையும் கொழுகொழுவென்றே தெரியும். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். ரத்தப் பரிசோதனையில் சுண்ணாம்பு அளவு சரியாகவே காட்டக்கூடும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. இந்தப் புற்களையே நம்பியிருப்பவர்கள் தினமும் ஒன்றிரண்டு கிலோ உலர்ந்த குதிரை மசால் (லூசர்ன்) என்ற தீவனப்பயிரைச் சேர்ப்பதும், சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் சேர்ந்த தாதுக் கலவையை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுப்பதும் அவசியம். குதிரைக்கென்றே புதிதாக நடுவதானால் அருகம்புல்லும் ரோட்ஸ் புல்லும் நல்ல தேர்வு. இரண்டிலும் ஆக்சலேட் தொல்லை குறைவு. அருகு மிதிபட்டாலும் தரையோடு படர்ந்து மீண்டு வரும்.

புல்லின் கணக்கு

மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது; நாக்கால் சுருட்டி இழுத்துத்தான் மேயும். குதிரைக்கு மேலும் கீழும் வெட்டுப்பல் உண்டு. கத்தரிக்கோல் போலத் தரையை ஒட்டி, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் விட்டு நறுக்கிவிடும். பிடித்த இடத்தையே திரும்பத் திரும்ப மேயும். லத்தி போடும் இடத்தில் மேயாது. சில மாதங்களில் நிலம் இரண்டாகப் பிரிந்துபோகும். ஒரு பக்கம் மொட்டையடித்த திட்டு, இன்னொரு பக்கம் முழங்கால் உயர முரட்டுப் புல். ஏக்கர் கணக்கில் நிலம் இருந்தும் குதிரை உண்மையில் மேய்வது பாதி நிலத்தில்தான்.

புல் இலையால்தான் வேரை வளர்க்கிறது. இலையில் பாதிக்கு மேல் ஒரேயடியாகப் போனால் வேர் வளர்வது நின்றுவிடும். மறுபடி துளிர்க்கும் முன்பே அடுத்த கடி விழுந்தால் சேமிப்பும் தீர்ந்து, வேர் மேலோடு சுருங்கும். சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. மொட்டைத் திட்டில் ஒரு கைப்பிடி புல்லைப் பிடித்து மேல்நோக்கி வெடுக்கென்று இழுங்கள். இலை அறுந்து கையில் வந்தால் வேர் பிடிப்போடு இருக்கிறது. கொத்தாக வேரும் மண்ணுமாகப் பெயர்ந்து வந்தால் அந்த இடத்தில் இன்று முதல் குதிரையை விடக் கூடாது.

விதி எளிது. புல் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரம் வந்த பிறகு குதிரையை உள்ளே விடுங்கள். 7 அல்லது 8 சென்டிமீட்டருக்கு இறங்கியதும் வெளியே எடுங்கள். அளப்பதற்குக் கை போதும்: விரல்களைச் சேர்த்துக் கையைப் பக்கவாட்டில் தரையில் நிறுத்தினால், கட்டைவிரல் நீங்கலாக நான்கு விரல் அகலம் ஏறத்தாழ அந்த உயரம்.

இதை நடைமுறைப்படுத்த நிலத்தைக் குறைந்தது நான்கு துண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு துண்டில் அதிகபட்சம் ஏழு நாள். அதற்கு மேல் நின்றால், முதல் நாள் மேய்ந்த இடத்தில் வந்த புதுத் துளிரை மறுபடியும் கடிக்கத் தொடங்கும். ஏழு நாள் மேய்ச்சல், 21 நாள் ஓய்வு என்பது புல் நன்றாக வளரும் காலத்துக்கான கணக்கு. வறண்ட காலத்தில் அதே உயரம் வர ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகும். காலண்டரைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். துண்டு பிரிக்க நிரந்தர வேலி வேண்டியதில்லை. அகலப் பட்டையுள்ள மின்வேலி நாடாவும் நகர்த்தக்கூடிய கம்பங்களும் போதும். எந்தத் துண்டிலிருந்தாலும் தண்ணீருக்கும் நிழலுக்கும் குதிரை போக வழி இருக்க வேண்டும்.

நான்கு துண்டுக்கு அப்பால் ஒன்றும் வேண்டும்: புல்லே எதிர்பார்க்காத ஒரு பட்டி. மேடான, தண்ணீர் தேங்காத இடத்தில், மண்ணுக்கு மேல் சரளையும் மணலும் பரப்பி அமைக்கலாம். மழை பெய்து தரை ஊறியிருக்கும்போதும், எந்தத் துண்டும் உயரம் பிடிக்காதபோதும் குதிரைகள் இங்கேதான் இருக்க வேண்டும். காய்ந்த புல்லைத் தரையில் போடாமல் தொட்டியிலோ ரப்பர் விரிப்பின் மேலோ கொடுங்கள். பலர் இதை இடத்தை வீணாக்குவதாக நினைக்கிறார்கள். இந்தச் சிறு இடம் இல்லாததால்தான் மழைக்காலத்தில் மொத்த நிலமும் சேறாகிறது. ஈரமண்ணில் குதிரையின் பாரம் குளம்பு வழியே இறங்கும்போது மண் இறுகி, காற்றும் நீரும் உள்ளே போக முடியாமல் வேர் மூச்சுத் திணறும். நடந்து பாருங்கள்: உங்கள் குதிகால் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் புதைந்தால், குதிரை அங்கே போகக் கூடாது.

ஒரு துண்டிலிருந்து குதிரையை எடுத்த மறுநாளே முரட்டுப் புல்லை 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டிச் சமப்படுத்துங்கள். பூ வைத்து விதை விடும் முன்பே களையும் அடங்கும், புல்லும் அடியில் கிளைக்கும். வெட்டிய பசும்புல்லைக் குவியலாக அள்ளிக் குதிரைக்குப் போடாதீர்கள். மெல்லாமல் விழுங்கும், குவியலுக்குள் சூடேறிப் புளித்தும் இருக்கும்.

எவ்வளவு நிலம் வேண்டும் என்றால், மழையோ பாசனமோ உள்ள நல்ல மண்ணில் ஒரு குதிரைக்கு இரண்டு ஏக்கர் என்பது வசதியான அளவு. வறண்ட நிலத்தில் இது பல மடங்காகும். அரை ஏக்கர் வைத்திருப்பவர் அதை உலாவும் இடமாக மட்டும் எண்ணி, தீனியை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும்.

மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மண் பரிசோதனை செய்யுங்கள். லத்தி கிடந்த இடங்களைத் தவிர்த்து, பதினைந்து இருபது இடங்களில் 10 சென்டிமீட்டர் ஆழம் வரை மண் எடுத்து ஒன்றாகக் கலந்து அனுப்ப வேண்டும். கார அமிலநிலை 6-க்கும் 7-க்கும் இடையில் இருந்தால் நல்லது. அதற்குக் கீழே போனால் எந்த உரம் போட்டாலும் பாதி வீண்; முதலில் சுண்ணாம்பு இட வேண்டும். தழைச்சத்து உரத்தை ஒரே தடவையாகக் கொட்டாமல், மேய்ந்து முடித்த ஒவ்வொரு துண்டுக்கும் ஓய்வின் தொடக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இடுங்கள். மழையிலோ பாசனத்திலோ குருணை முழுதும் கரைந்து இரண்டு மூன்று வாரம் ஆன பிறகே குதிரையை விட வேண்டும்.

மணற்பாங்கான நிலத்தில் புல் மொட்டையானால் இன்னொரு ஆபத்து சேர்ந்துகொள்கிறது: குதிரை புல்லோடு மணலையும் விழுங்கும். அது பெருங்குடலில் கீழே படிந்து கிலோக்கணக்கில் சேரும். பிறகு வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, அடைப்பு. மாதம் ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம். தரையில் படாத, மேலே கிடக்கும் ஆறு லத்தி உருண்டைகளை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, முக்கால் ஜாடிக்குத் தண்ணீர் ஊற்றிக் கரைத்து கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். நார் மேலே மிதக்கும். மணல் ஜாடியின் அடியில் தங்கும். விரலை அடிவரை விட்டுத் தேய்த்தால் நறநறவென்று தெரியும். ஒரு தேக்கரண்டிக்கு மேல் இருந்தால் மேய்ச்சலை நிறுத்திப் பட்டிக்கு மாற்றி, காய்ந்த புல்லைக் கூட்டிக் கொடுத்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.

புழுவை நிலத்திலேயே அறுக்க வேண்டும்

குடற்புழுவின் முட்டை லத்தியோடு தரைக்கு வருகிறது. வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் குஞ்சுப்புழு ஆகி, பனித்துளியோடு புல்லின் மேல் ஏறும். குதிரை அதை மேய்கிறது. இந்த வட்டத்தை அறுக்க மருந்தைவிட முறம் வலிமையானது. வாரத்துக்கு இரண்டு முறை லத்தியை அள்ளி அப்புறப்படுத்தினாலே நிலத்தில் புழு வெகுவாகக் குறையும். முன்பு மேயாமல் ஒதுக்கிய இடத்தையும் குதிரை மேயத் தொடங்கும். அள்ள முடியாதவர்கள் முள்வாரியால் இழுத்துச் சிதறடிக்கிறார்கள். நல்ல வெயிலில், தரை காய்ந்திருக்கும்போது, அதற்குப் பின் பல வாரம் அந்தத் துண்டைச் சும்மா போடுவதானால் மட்டும் அது சரி. ஈரத்தில் சிதறடித்தால் ஒரு மூலையில் இருந்த புழுவை நிலம் முழுக்க விதைத்தது போலாகும்.

மாடோ ஆடோ இருந்தால் குதிரை மேய்ந்த துண்டில் அடுத்து அவற்றை விடுங்கள். குதிரைப் புழு அவற்றின் வயிற்றில் வளராது. முரட்டுப் புல்லையும் அவை தின்று தீர்க்கும். குதிரை லத்தியைப் பச்சையாகக் குதிரை மேயும் நிலத்துக்கே உரமாகப் போடக் கூடாது. ஒரு மீட்டருக்குக் குறையாத உயரமும் அகலமுமாகக் குவித்து, பிழிந்தால் கை நனையும் அளவு ஈரம் காத்து, வெளிப்பக்கம் உள்ளே போகும்படி பல தடவை புரட்ட வேண்டும். உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறினால் முட்டையும் களைவிதையும் சாகும்.

மருந்தைப் பொறுத்தவரை, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை எல்லாக் குதிரைக்கும் கொடுக்கும் வழக்கம்தான் இன்று பல மருந்துகளைச் செல்லாக்காசாக்கியிருக்கிறது. குறிப்பாக, சிறு வட்டப்புழுக்களிடம் ஃபென்பெண்டசோல் பல இடங்களில் எடுபடுவதில்லை. ஒரு கூட்டத்தில் ஐந்தில் ஒரு குதிரைதான் பெரும்பாலான முட்டைகளைப் போடுகிறது. அது எது என்று கண்டுபிடிக்க லத்தியில் முட்டை எண்ணும் பரிசோதனை வேண்டும். புதிதாக விழுந்த லத்தியைக் காற்றுப் புகாத பையில் கட்டி, குளிர்ச்சியாக வைத்து, அன்றே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். கிராமுக்கு 200-க்குக் கீழே என்றால் வளர்ந்த குதிரைக்குப் பொதுவாக மருந்து தேவையில்லை. மருந்து கொடுத்தால் 14 நாள் கழித்து மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை சரியாக விழவில்லை என்றால் அந்த மருந்து உங்கள் நிலத்தில் வேலை செய்யவில்லை. குடல் சுவருக்குள் பதுங்கியிருக்கும் குஞ்சுப்புழுக்கள் இந்த எண்ணிக்கையில் வராது என்பதால், ஆண்டுக்கு ஒரு முறை அவற்றுக்கான மருந்து பற்றி மருத்துவரைக் கேளுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டிகளுக்கு உருண்டைப்புழு வருவதால் அவற்றின் அட்டவணை தனி.

அளவு குறைத்துக் கொடுப்பது எதிர்ப்பை வளர்க்கும். மேலே சொன்ன டேப் அளவு இங்கேதான் கைகொடுக்கிறது. மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போடாதீர்கள். வாய்வழிப் பசையே குதிரைக்கானது. மாக்ஸிடெக்டினை இளங்குட்டிக்கும் மெலிந்த குதிரைக்கும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். உண்ணிக்கு மாட்டின் மேல் அடிக்கும் அமிட்ராஸ் குதிரையின் குடல் அசைவையே நிறுத்திவிடும். அதை லாயத்துக்குள் விடவே கூடாது.

நச்சுச் செடிகள்

மேய்ச்சல் தாராளமாக இருக்கும்போது குதிரை கசப்பான செடியை ஒதுக்கும். பசியில் ஒதுக்காது. வேலியோரம் அழகுக்கு வைத்த அரளி எல்லாவற்றிலும் கொடியது. ஒரு கைப்பிடி இலை போதும், காய்ந்தாலும் நஞ்சு குறையாது. ஆமணக்கு விதை, ஊமத்தை, உண்ணிச்செடி ஆகியவற்றையும் வேரோடு எடுங்கள். கிலுகிலுப்பை வகைகள் பல வாரம் தின்றபின் மெதுவாக ஈரலைக் கெடுக்கும். அறிகுறி தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். சூபாபுல் தழையை மாட்டுக்குப் போடுவதைப் பார்த்துக் குதிரைக்கும் போட்டால் பிடரியும் வால்முடியும் கொட்டும். சோளப்பயிரை மேயவிட்டால் சிறுநீர்ப்பையும் பின்கால் நரம்புகளும் பாதிக்கப்படும். களைக்கொல்லி தெளித்த செடி வாடும்போது சுவை கூடி குதிரை அதைத் தேடித் தின்னும். தெளித்த இடத்தில் செடி முழுதும் மக்கும் வரை, அல்லது அள்ளி எடுக்கும் வரை, குதிரையை விடாதீர்கள்.

வேலி, தண்ணீர், உப்பு

முள்கம்பி குதிரைக்கு ஆகாது. மிரண்டால் நேராகப் பாயும். தோலும் தசைநாரும் கிழிந்துபோகும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் மரச்சட்டமோ அகல மின்நாடாவோ, 1.3 மீட்டருக்குக் குறையாத உயரத்தில். குளம்பு நுழையும் அளவு கண்ணுள்ள வலை வேண்டாம். கூர்மூலைகளில் பலவீனமான குதிரையை மற்றவை ஒதுக்கி உதைக்கும் என்பதால் மூலைகளை வளைத்து அமையுங்கள்.

தண்ணீர் நாளொன்றுக்கு 25 முதல் 45 லிட்டர். வெயிலிலும் வேலையிலும் பால் கொடுக்கும்போதும் 60-ஐத் தாண்டும். தொட்டியை வாரம் இரு முறை தேய்த்துக் கழுவுங்கள். பாசி வாடை அடித்தால் குறைத்துக் குடிக்கும், உள்ளே தீனி இறுகி அடைத்துக்கொள்ளும். வேலை முடிந்து வியர்த்திருக்கும் குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்பது தப்பான நம்பிக்கை. தாராளமாகக் காட்டுங்கள், உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்து சூட்டை இறக்குங்கள். சாதா உப்பு தினமும் 25 முதல் 30 கிராம். நன்றாக வியர்த்த நாளில் கூட்டலாம்.

குளம்பும் பல்லும்

குளம்பைத் தினமும் ஒரு முறை, ஓட்டும் முன்பும் பின்பும் கட்டாயம், கொக்கியால் சுத்தம் செய்யுங்கள். குதிகாலிலிருந்து நுனியை நோக்கித்தான் கொக்கி போக வேண்டும். நடுவில் முக்கோண வடிவில் இருக்கும் மெத்தைப் பகுதியைக் குத்தாமல் அதன் இரு பக்கப் பள்ளங்களைத் தோண்டி எடுங்கள். பள்ளத்தில் கறுப்பாகப் பிசுபிசுவென்று அழுகல் வாடை வந்தால் ஈரமான தரையில் நின்றிருக்கிறது என்று பொருள். படுக்கையை மாற்றிக் காலை உலரவிட்டால்தான் மருந்தும் வேலை செய்யும். குளம்பு மாதத்துக்கு முக்கால் சென்டிமீட்டர் அளவில் வளர்வதால் லாடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை சீவ வேண்டும். தள்ளிப்போட்டால் முன்நுனி நீண்டு, பின்னால் உள்ள தசைநார் எல்லா அடியிலும் இழுபடும்.

பல்லை ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவர் பார்க்க வேண்டும். மென்ற புல்லை உருண்டையாகக் கீழே துப்புவது, தலையைச் சாய்த்து மெல்லுவது, லத்தியில் நீள நீளமாக நார் வருவது ஆகியவை ஓரப்பல் கூராகிக் கன்னத்தைக் குத்துகிறது என்பதன் அடையாளம்.

தினமும் பார்க்க வேண்டியது

உங்கள் குதிரையின் இயல்பான அளவு உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். ஓய்வில் வெப்பம் 37.2 முதல் 38.5 டிகிரி, நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. நாடிக்குத் தாடையெலும்பின் கீழ்விளிம்பில், கன்னத்தின் பெரிய தசை தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் உள்பக்கமாக இரு விரலை வையுங்கள். தடித்த நூல்போல ஒரு குழாய் விரலடியில் உருளும். லேசாக அழுத்தி 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும்.

தரையைக் காலால் கிளறுவது, விலாவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது, படுத்து எழுந்து புரள்வது, லத்தி போடாதிருப்பது: இவை வயிற்றுவலி. தீனியை உடனே எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஓய்வில் நாடி 60-ஐத் தாண்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். புரண்டு அடிபடாமலிருக்க மெதுவாக நடத்தலாம், களைத்து விழும் வரை அல்ல. எண்ணெயையோ கஷாயத்தையோ வாயில் ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய், வயிற்றுவலியில் பிழைத்திருக்க வேண்டிய குதிரை நிமோனியாவில் சாகும்.

குதிரை முன்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்காலில் போட்டு நின்றால் குளம்பு அழற்சி. கணுவின் பின்பக்க ஓரங்களில் விரல் வைத்தால் வழக்கமாக அரிதாகத் தெரியும் துடிப்பு தம்தம்மென்று அடிக்கும். நடக்க வைக்காதீர்கள். புல்லிலிருந்து எடுத்து, தடிமனான, மெத்தென்ற படுக்கையில் நிறுத்தி, குளம்பையும் கீழ்க்காலையும் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்து மருத்துவரை வரவழையுங்கள். கொழுத்த குதிரையையும் ஒரு முறை இந்த நோய் வந்த குதிரையையும் விடியலுக்கு முன்பிருந்து முற்பகல் வரை மட்டும் மேயவிடுவது நல்லது. வெயிலில் புல் சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டே போய்ப் பிற்பகலில் உச்சத்துக்கு வரும். இரவில் செலவழித்து விடியலில் குறைந்திருக்கும். உறைபனி விழுந்த காலையில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது, குளிரில் புல்லால் சர்க்கரையைச் செலவழிக்க முடியாது.

டெட்டனஸ் தடுப்பூசி எல்லாக் குதிரைக்கும் கட்டாயம். ஆணி குத்திய சிறு துளை போதும் அந்த நோய்க்கு. முதலில் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில். வெறிநோய் உள்ள பகுதியில் அதற்கும் ஆண்டுதோறும் போட வேண்டும்.

புதுக் குதிரை வரும்போது

மூன்று வாரம் தனியாக, மற்றவை மூக்கோடு மூக்கு உரச முடியாத தூரத்தில், தனித் தொட்டியும் தனி வாளியும் வைத்துக் கட்டுங்கள். தினமும் வெப்பம் எடுத்து எழுதிவையுங்கள். இருமல், மூக்குச்சளி, தாடைக்கு அடியில் வீக்கம் வருகிறதா என்று பாருங்கள். வந்த அன்றே லத்தியை எண்ணக் கொடுத்து, தேவையான புழு மருந்தைக் கொடுங்கள். கொடுத்த பின் மூன்று நாள் வரும் லத்தி முழுவதும் பட்டியிலேயே விழ வேண்டும், ஒரு உருண்டைகூட மேய்ச்சல் நிலத்துக்குப் போகக் கூடாது. மருந்துக்கு அடங்காத புழு நம் நிலத்துக்குள் நுழையும் வாசல் அதுதான். பதினான்காம் நாள் மறுபடி எண்ணி, முட்டை எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று உறுதியாகி, மூன்று வாரமும் முடிந்ததும், ஓய்வெடுத்து உயரம் பிடித்த ஒரு துண்டில் வயிறு நிறையக் காய்ந்த புல் தின்ற பிறகு விடுங்கள். முதல் நாள் அரை மணி நேரம், அடுத்த நாள் ஒரு மணி நேரம் என்று இரண்டு வாரத்தில் முழு நேரத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.